மஞ்சள் தின்ற சேலை

முருகேசா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நலம் விசாரித்து, நாலு வரி மழை விசாரித்து, முறையாகத்தான் எழுதியிருந்தாய். மழை இல்லை. நலத்துக்குக் குறைச்சல் இல்லை. சாயப்பட்டறைப் புகையில் இத்தனை காலம் நின்றவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, அது உனக்குத் தெரிந்ததுதான். நீ எழுதும் கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டுவது உன் அக்கா காந்திமதி. நான் சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பதும் அவள்தான். உறையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். உன் சிலேட்டில் முதன்முதலாக ‘அ’ போட்டுக் கொடுத்த கையெழுத்து இது.

முதல் பக்கம் முழுக்கப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். மதுரையில் கல்லூரிப் பேராசிரியர் மகள், எம்.ஏ. படித்தவள், ஆவணியில் முகூர்த்தம் வைக்கலாம் என்கிறார்கள். சந்தோஷம். இரண்டாம் பக்கத்தில் மேளம், மண்டபம், பத்திரிகையில் யார் யார் பெயர் என்றெல்லாம் வந்தது. அதற்குக் கீழே ஒரு வரி. “நாத்தனார் முடிச்சுக்குப் பெரியப்பா மகள் சரோஜாவைச் சொல்லிவிடுங்கள். அக்காவைச் சிரமப்படுத்த வேண்டாம்.” காந்திமதி அதையும் படித்தாள். ஒரு எழுத்தை விழுங்கவில்லை, குரலும் மாறவில்லை. “அவ்வளவுதான்ப்பா, கீழ கையெழுத்துப் போட்டிருக்கான்” என்று சொல்லிக் கடிதத்தை மடித்து மாடத்தில் வைத்துவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டாள்.

தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால், மற்ற இரண்டையும் அவனோடு கூடப் பிறந்தவள் போடுவதுதானே நம் பக்கத்து வழக்கம். கூடப் பிறந்தவள் இல்லாதவன்தான் பெரியப்பா மகளையும் சித்தப்பா மகளையும் தேடுவான். உனக்கு ஒருத்தி இருக்கிறாள். கையும் விரலுமாக நன்றாகத்தான் இருக்கிறாள். பட்டறையில் விடிந்தது முதல் அறுந்த நூலை எல்லாம் முடிபோட்டுத் தருகிறவளுக்கு இரண்டு முடிச்சில் என்ன சிரமம் வந்துவிடும்? எத்தனை நாசூக்கான வார்த்தை பார்த்துப் போட்டிருக்கிறாய். நாசூக்கு எல்லாம் படித்தவர்களுக்குத்தான் வரும் போலிருக்கிறது.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்று புரியாதவன் மாதிரி நடிக்க எனக்கு வயதில்லை. புருஷன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள், ராசியில்லாதவள் என்று ஊர் சொல்கிறது. பேராசிரியர் வீட்டார் முகம் சுளித்துவிடக் கூடாது என்று நீ பயப்படுகிறாய். ஊரில் வேறு எவனாவது இப்படி எழுதியிருந்தால் ஊரோடு சேர்த்து அவனையும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நீ ஊர் இல்லை. எந்தச் சேலை கிழிந்ததால் அவளுக்கு அந்தப் பெயர் வந்ததோ, அந்தச் சேலை ஏன் கிழிந்தது என்று எல்லாருக்கும் முன்னால் தெரிந்துகொண்டவன் நீ. தெரிந்துகொண்டு வாய் திறக்காமல் இருந்தவனும் நீ. அதனால்தான் பதில் இத்தனை நீளமாகப் போகிறது. பொறுமையாகப் படி.

அந்தக் காலத்தில் நம் பட்டறை மஞ்சளுக்குப் பேர்போனது. தகர டப்பாவில் பம்பாயிலிருந்து வரும் கெட்டிச் சாயம். எத்தனை தடவை வெளுத்தாலும் நிறம் போகாது. அருப்புக்கோட்டைத் தறிக்காரர்கள் கடைக்கு வந்தால் “மொதலாளி, மஞ்சள் இருக்கா” என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்பார்கள். உன்னை மதுரைக் காலேஜில் சேர்த்ததும் ஹாஸ்டலில் வைத்ததும் அந்த மஞ்சள்தான். அதனால் காந்திமதிக்குக் கல்யாணம் என்றதும் கூறைச் சேலைக்கு வேறு யோசனையே இல்லை. நம் மஞ்சள், நம் நூல், நம் தறி. உடல் முழுக்க மஞ்சள், இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புக் கரை. தறியிலிருந்து இறங்கிய அன்று அதைக் கையில் வாங்கிப் பார்த்து உன் அம்மா அழுதாள்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். கூறைச் சேலை தறியைவிட்டு இறங்கியதும் மஞ்சள் தண்ணீரில் நனைத்து, பொழுது கிளம்பியதிலிருந்து சாயும்வரை வெயிலில் கட்ட வேண்டும். சூரியன் பார்த்த சேலை என்று அதற்குப் பெயர். தொடங்கிவிட்டால் முகூர்த்தம் வரைக்கும் தினமும் செய்ய வேண்டும், நடுவில் விட்டால் ஆகாது. எல்லார் வீட்டிலும் முகூர்த்தத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போதுதான் சேலை தயாராகும் என்பதால் அந்த வழக்கத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. காந்திமதிக்குப் பங்குனியில் முகூர்த்தம். சேலையை நனைத்துக் கட்டிய பிறகு மாப்பிள்ளையின் பங்காளி வீட்டில் ஒரு சாவு. சித்திரை அவர்களுக்கு ஆகாது என்று வைகாசிக்குத் தள்ளிப்போட்டார்கள். உன் அம்மா வழக்கத்தை விடவில்லை. தரையில் கால் வைக்க முடியாத நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தினமும் அந்தச் சேலையை மஞ்சள் தண்ணீரில் முக்கி முக்கிக் கட்டினாள். ஆட்டுக்கும் காக்காய்க்கும் காவலாக அதன் பக்கத்திலேயே முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பாள். “பெட்டியில வச்சிருந்தா என்ன?” என்று ஒரு நாள் கேட்டேன். “எம் பொண்ணுக்குச் செய்றத நடுவுல விடச் சொல்றீகளா?” என்று சண்டைக்கு வந்துவிட்டாள். பெற்றவளின் ஆசையை வெயில் எப்படித் தின்றது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்தது. மாப்பிள்ளையின் துண்டையும் இவள் முந்தியையும் சேர்த்து முடிந்து, மணவறையை வலம் வரச் சொன்னார்கள். கடைசிச் சுற்றில் மாப்பிள்ளை ஒரு எட்டு வேகமாக வைத்தார். இழுத்ததுகூட இல்லை, கொஞ்சம் முன்னால் போனார், அவ்வளவுதான். முந்தியின் மஞ்சள் துணி முடிச்சோடு கிழிந்து அவர் பின்னால் போய்விட்டது. இவள் கிழிந்த சேலையோடு நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் சிவப்புக் கரை மட்டும் அறாமல் தொங்கியது. மேளக்காரன் அதைப் பார்த்துவிட்டு வாசிப்பதை நிறுத்தினான். “அடியாத்தி, முடிச்சோட வந்துருச்சே! எந்த நேரத்துல எடுத்த சேலை இது?” என்று மாப்பிள்ளையின் அத்தை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காந்திமதி தலையைக் குனிந்தவள்தான். நீ பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். லீவுக்கு வந்திருந்தாய்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எழுதுகிறவளுக்கும் கஷ்டம். நரிக்குடிப் பக்கம் வாழப் போனாள். ஆடியில் அவள் மாமனார் கண்மாய்க் கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐப்பசியில் சின்ன மாமனார் இவளைப் பஸ்ஸில் கூட்டிவந்து வாசலில் விட்டார். “கொஞ்ச நாளைக்கு இங்கனயே இருக்கட்டும் மச்சான். வீட்டுல பொம்பளைக பயப்படுறாக. நேரம் நல்லா வரட்டும், நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்” என்றார். காபி குடித்துவிட்டுத்தான் போனார். நான் நரிக்குடிக்கு நடையாய் நடந்தேன். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மறு வருடம் மல்லாங்கிணற்றில் பெண் எடுத்துவிட்டார்கள். “எம் வயித்துல பொறந்தவளுக்கு இப்படி ஒரு எழுத்தா” என்று சொல்லிச் சொல்லியே உன் அம்மா போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு மட்டுமல்ல, எனக்கும் அந்த நினைப்புத்தான் இருந்தது. எழுத்தைத்தான் நொந்துகொண்டோம், சாய டப்பாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் எப்படி இருந்தாள் என்பதை நீ லீவுக்கு லீவு பார்த்தாய். தெருவில் கல்யாணம் என்றால் கதவைச் சாத்திக்கொள்வாள். யாராவது பயணம் கிளம்பினால் பட்டறைக்குப் பின்னால் போய்விடுவாள். நீ ஜெர்மனிக்குப் புறப்பட்ட அன்று உனக்குப் பிடித்த அதிரசத்தைச் சுட்டு டப்பாவில் அடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் விறகுக் கட்டுக்கு மறைவில் நின்றாள். நீ போகிற காரியம் கெட்டுவிடக் கூடாதாம். நீ அவளைத் தேடிப் போய்ச் சொல்லிக்கொண்டாயா? “அக்காட்ட சொல்லிருங்கப்பா” என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினாய். அப்போதே உனக்கு எல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது. இந்த வித்தியாசத்தைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

தை மாதம் நீ வந்தபோது, நீ படித்த பள்ளிக்கூடத்தில் உனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். மாலை, பொன்னாடை, தலைமையாசிரியர் பேச்சு, எல்லாம் நன்றாக நடந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காந்திமதி பொம்பளைகள் பக்கம் கடைசி வரிசையில் தூண் ஓரமாக இருந்தாள். விழா என்பதால் வரமாட்டேன் என்றவளை நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிவந்தேன். நீ பேசியது எனக்குப் பாதிக்கு மேல் விளங்கியது. சாயம் வெயிலைப் பிடிக்கும், ஆனால் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஜிங்க் வெள்ளை என்று பெயின்டில் போடுகிற பொடி இருக்கிறதே, அது வெறும் வெள்ளை, வெயிலில் பெரும்பங்கை அதனால் பிடிக்க முடியாது. ஆனால் வேறொன்று பிடித்துக் கொடுத்தால் வாங்கிக் கடத்திவிடும். இரண்டையும் விலகாமல் ஒட்டவைத்து ஒரே பொருளாக ஆக்கிவிட்டால், ஒன்று பிடிக்க மற்றது கடத்த, வெயிலைக் கரண்டாக எடுக்கலாம். எந்தச் சாயத்துக்கு எந்தப் பொடி, நடுவில் எதை வைத்து ஒட்டினால் பிடித்தது சிந்தாமல் போய்ச் சேரும் என்று பார்த்துப் பார்த்துச் செய்வதுதான் உன் வேலை என்றாய்.

பேசி முடித்து எல்லாரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனாய். வெள்ளைப் பொடி பூசி, ரோஸ் நிறச் சாயத்தில் ஊறவைத்த ஒரு கண்ணாடித் தகட்டை உப்புத் தண்ணீரில் நிறுத்தி, இரண்டு கம்பியை ஒரு மீட்டரில் மாட்டினாய். வெயில் பட்டதும் முள் நகர்ந்தது. புத்தகத்தால் மறைத்தால் திரும்பி வந்து படுத்துக்கொண்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர்தான் முள் போவதையும் வருவதையும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வெயிலைத் தவிர வேறு எதுவும் விளையாத நம் சீமையில் பிறந்த பயல் வெயிலையே வேலைக்கு வைத்துவிட்டான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. உன் அம்மா இல்லையே என்றுகூட நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு வாத்தியார் கேட்டார், இந்தப் பக்கம் உனக்கு எப்படி நாட்டம் வந்தது என்று. நீ சிரித்தாய். “இதை நான் ஜெர்மனியில படிக்கல சார், எங்க வீட்டுக் கல்யாணத்துல படிச்சேன்” என்று ஆரம்பித்தாய். கூட்டம் கிட்டத்தில் வந்தது. சேலையை வெயிலில் கட்டியது, முந்தி முடிச்சோடு வந்தது, எல்லாவற்றையும் கதை போலச் சொன்னாய். “சிவப்புக் கரை அறல, மஞ்சள் மட்டும் அறுந்துச்சுன்னதும் எனக்குச் சந்தேகம். பட்டறையில மிச்சமிருந்த மஞ்ச நூலைப் பாதி பெட்டியில வச்சேன், பாதிய நனைச்சு நனைச்சு வெயில்ல போட்டேன். லீவு முடியிறதுக்குள்ள வெயில்ல கிடந்தது விரல் பட்டாலே இத்து விழுந்துச்சு. அந்த மஞ்சச் சாயம் வெயிலப் பிடிச்சுருச்சு, வாங்கிக் கடத்த பக்கத்துல ஆள் இல்ல, ஈரத்தோடயும் காத்தோடயும் சேந்துக்கிட்டு பருத்தி நூல் தலையில கொண்டுபோய்க் கொட்டிருச்சு. சாயம் கெட்டி, அது வெளுக்கல. நூலுதான் போச்சு. ஊரே அபசகுனம்னுச்சு. சூரியன் பாத்த சேலை இல்ல சார், சூரியன் தின்ன சேலை!” எல்லாரும் சிரித்தார்கள். நீ இன்னும் சொன்னாய். இந்தக் கதையைச் சொன்னதால்தான் ஜெர்மனிக்காரப் பேராசிரியர் உன்னை உடனே எடுத்துக்கொண்டாராம். அதற்கும் சிரித்தார்கள். கைதட்டினார்கள்.

நான் சிரிக்கவில்லை. லீவு முடியிறதுக்குள்ள என்று நீ சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டேன். உன் லீவு ஆனியில் முடியும். இவளை நரிக்குடியிலிருந்து திருப்பி அனுப்பியது ஐப்பசியில். கூட்டத்தில் இவள் எங்கே நிற்கிறாள் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நாள் எனக்குப் புரை விழுந்ததற்காகச் சாமிக்கு நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் கேட்டதும் நீ சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும்.

“ஏம்ப்பா, அப்பவே தெரியுமா உனக்கு?”

“தெரியும்ப்பா. ஆனா முழுசாத் தெரியாது. பேரு, காரணம் எல்லாம் பெறகுதான் படிச்சேன்.”

“பேரு யாருப்பா கேட்டா? சேலைதான் கோளாறு, பொண்ணு இல்லன்னு ஒரு வார்த்த வந்து சொல்லிருக்கலாம்ல?”

“சொன்னா நம்ம மஞ்சளை எவன் வாங்குவான்? பட்டறைய மூடணும். உங்க பேருதான்ப்பா கெடும். அதுவும் இல்லாம, நரிக்குடிக்காரக இதையெல்லாம் கேப்பாகளா? மாமனார் செத்ததுக்கும் சாயத்துக்கும் என்ன சம்பந்தம்னுருப்பாக.”

அப்போது நீ சொன்னதில் பாதி நியாயம் என்றுகூட நினைத்தேன். பட்டறை மூடியிருக்கும், உண்மைதான். உன் படிப்பும் அதோடு நின்றிருக்கும், அதை நீ சொல்லவில்லை, நான் சேர்த்துக்கொள்கிறேன். நரிக்குடிக்காரர்கள் கேட்டிருக்க மாட்டார்கள், அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் முருகேசா, இவள் கேட்டிருப்பாள். உன் அம்மா கேட்டிருப்பாள். நான் கேட்டிருப்பேன். ஊர் வாயை மூட உன்னால் முடியாமல் போயிருக்கலாம், வீட்டுக்குள் இருந்த மூன்று பேருக்குச் சொல்ல உனக்கு எந்த ஜெர்மனி வேண்டியிருந்தது? பேராசிரியரிடம் சொல்லத் தெரிந்த கதையை அடுப்பங்கரையில் வந்து சொல்லத் தெரியவில்லையா?

அன்று இரவு அவள்தான் உனக்குச் சோறு போட்டாள். குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று கேட்டாள். மறுநாள் காலை உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து நான் உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா, தம்பி சொன்னது நெசமா? சேலைதானா?”

“நெசம்தான் ஆத்தா.”

“அப்ப எம் மேல ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்ல.”

பிறகு சொன்னாள், “எட்டு வருசமா காலையில எந்திரிச்சதும் கண்ணாடி பாக்க மாட்டேன்ப்பா. மொதல்ல வேப்பமரத்தப் பாத்துட்டுத்தான் பொட்டு வைக்கப் போவேன். எம் மூஞ்சியில நானே முழிச்சா எனக்கே ஆகாதுன்னு நெனச்சேன்.” இதைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அழுதேன். எனக்கு உன் மேல் வந்த கோபம் அன்றைக்கு வந்ததுதான், இன்னும் அடங்கவில்லை. மற்றவர்கள் அவளை வெறுத்ததைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். அவள் தன்னையே வெறுத்துக்கொண்டு இத்தனை வருடம் நம் வீட்டுக்குள் நடமாடியிருக்கிறாள். அதை ஒரே வார்த்தையில் நிறுத்தியிருக்கக் கூடியவன் லீவுக்கு வந்து, அவள் கையால் சாப்பிட்டுவிட்டு, போய்க்கொண்டே இருந்திருக்கிறான்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த மஞ்சளை அன்றோடு நிறுத்தினேன். வாங்கிப்போன தறிக்காரர்களுக்கெல்லாம் ஆள் விட்டுச் சொன்னேன். பட்டறைக்குப் பெயர் கெட்டதா என்றால் கெட்டது. வியாபாரம் பாதியாகிவிட்டது. ஆனால் மூடவில்லை, சிவப்பும் பச்சையும் சோறு போடுகின்றன. தெருவிலும் சொன்னேன். காந்திமதி மேல் தப்பில்லை, சாயத்தில்தான் கோளாறு, ஜெர்மனியில் படித்த என் மகனே சொல்லிவிட்டான் என்று வீடு வீடாகச் சொன்னேன். எல்லாரும் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். “அப்படியாண்ணே, பாவம் அந்தப் புள்ள” என்றார்கள். பங்குனியில் எதிர்வீட்டில் கல்யாணம் வந்தது. அழைக்கும்போது என்னை மட்டும் அழைத்தார்கள். பாத்திரத்தில் நாள்பட ஊறிய கறையை இன்றைக்கு வந்து தேய்த்தால் போகுமா? அவளைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால், அந்த ஆனி, ஆடி, ஆவணிக்குள் தேய்த்திருக்க வேண்டும்.

அதனால்தான் உன் கல்யாணத்தை நான் நம்பியிருந்தேன். இத்தனை பேர் பார்க்க, பேராசிரியர் வீட்டார் பார்க்க, உன் பெண்டாட்டி கழுத்தில் இவள் கை பட்டால், அதற்குமேல் எவனும் வாய் திறக்க மாட்டான் என்று நினைத்தேன். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னதைவிட அது பெரிய பேச்சு. நீயாகவே செய்வாய் என்றுதான் கேட்காமல் இருந்தேன். உன் கடிதம் வந்தது.

உனக்கு ஒரு புத்திமதி சொல்ல வேண்டும், அப்பனாகப் பிறந்ததற்கு அதையாவது செய்துவிடுகிறேன். கட்டிக்கொள்கிறவளிடம் தெரிந்ததைத் தெரிந்த அன்றைக்கே சொல். முழுசாகத் தெரிந்த பிறகு சொல்லலாம், நேரம் பார்த்துச் சொல்லலாம், சொன்னால் நஷ்டம் வருமே என்று வைத்துக்கொண்டே இருக்காதே. நீ உன் தகட்டில் சாயத்துக்கும் பொடிக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விடக் கூடாது என்று அத்தனை கவனமாக இருக்கிறாய். அந்தக் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கு வீட்டு மனிதர்களிடம் இருந்தால் போதும். இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கும் ஒரு நாள் உன் விஷயம் ஏதாவது ஒரு மேடையிலிருந்துதான் தெரியவரும்.

இந்த இடம் வந்ததும் நான் காந்திமதியிடம், “இப்படி எழுது. அக்காதான் முடிச்சுப் போடணும், நீயே அருப்புக்கோட்டைக்கு வந்து அவளைக் கூப்பிடணும், இல்லன்னா நான் மண்டபத்துக்கு வரமாட்டேன், பத்திரிகையில என் பேரும் இருக்காது” என்று சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

“இதை எழுத மாட்டேன்ப்பா” என்றாள்.

“ஏன்?”

“மிரட்டி வாங்குற முடிச்சு எனக்கு எதுக்கு? அவனா வந்து கூப்பிட்டா போடுவேன். நீங்க சொல்லி அவன் கூப்பிட்டா வரமாட்டேன்.”

“சரி, உன்னைய விடு. நான் வரல. அதையாவது எழுது.”

“அதையும் எழுத மாட்டேன். நீங்க போகணும்.”

“உன்னைய வேண்டாம்னு ஒதுக்குற பயல் கல்யாணத்துக்கு நான் எந்த முகத்தோட போவேன் ஆத்தா?”

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “பெத்த அப்பன் இல்லாம கல்யாணம் நடந்தா, நீங்க யாரால வராம நின்னீகம்பாக? என்னாலதான்ப்பா. ‘அந்த ராசியில்லாதவ இருக்கால்ல, அவதான் அப்பனையும் மகனையும் பிரிச்சுட்டா’ம்பாக. எம் பேர்ல இருக்குறது போதும், இன்னொண்ணு வேண்டாம். நீங்க போய் முன்னாடி உக்காந்து அட்சதை போட்டுட்டு வாங்க.”

மிரட்டலாக வேண்டாம், இங்கே நடந்த பேச்சாகவாவது எழுது என்றேன், அதற்கு மட்டும் சம்மதித்துப் பேனாவை எடுத்தாள். அவள் சொன்னதற்குப் பதில், நீ படித்தவன், உனக்குத் தெரிந்தால் எழுது.

அவள் சொன்னபடியே செய்கிறேன். பத்திரிகையில் என் பெயரைப் போட்டுக்கொள். முந்தின நாளே மதுரைக்கு வந்துவிடுவேன். கண் தெரியாதவன் என்று யாராவது கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். சரோஜா முடிச்சுப் போடுவாள், நான் அட்சதை போடுவேன், நீ காலில் விழுந்தால் தலையில் கை வைப்பேன். யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாது. இவள் பெயர் இன்னொரு தடவை கெட்டுவிடக் கூடாதே என்று வருகிறேன். உன் கல்யாணத்துக்கு வந்ததாக நினைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அப்பா